கெனிஸா: கஜானாவிலிருந்து கல்லறைக்கு

எருசலேமில் சில தெருமுனைகளிலும் ஜெப ஆலய வாசல்களிலும் மூடியிட்ட பெரிய பெட்டிகள் நிற்கும். மேலே எபிரேயத்தில் ஒரே ஒரு சொல் எழுதியிருக்கும்: கெனிஸா. கிழிந்த ஜெபப் புத்தகம், பூச்சி அரித்த வேதாகமம், பள்ளிப் பிள்ளைகள் வேத வசனம் எழுதிப் பழகிய தாள் எல்லாம் அதற்குள் போகும். பெட்டி நிறைந்ததும் அள்ளிக்கொண்டு போய் இடுகாட்டில் புதைத்துவிடுவார்கள்.

இஸ்ரேலில் அரசு ஆவணக் காப்பகத்துக்கு ‘கன்ஸாக்’ என்ற பெயர் வழங்கியது. சங்கத்துப் பொருளாளருக்கு ‘கிஸ்பார்’ என்று பெயர். ஒரு திட்டத்தை அரசு கிடப்பில் போட்டுவிட்டால் ‘நிக்னஸ்’ என்று செய்தி எழுதுவார்கள். கிழிந்த தாள் போடும் பெட்டி, ஆவணக் காப்பகம், பணப்பெட்டிச் சாவி வைத்திருக்கும் பொருளாளர், கிடப்பில் போன திட்டம் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத நான்கு பொருள்கள். நான்கும் ஒரே சொல்வீட்டுப் பிள்ளைகள்.

கருவூலத்துக்கும் கல்லறைக்கும் ஒரே சொல் எப்படி வந்தது? யூதர்கள் நூலைக் காத்த முறையின் வரலாறே இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

பாரசீகத்துப் பணப்பெட்டி

சொல் எபிரேயத்தில் பிறந்ததல்ல. பழைய ஈரானிய மொழிகளில் ‘கன்ஸ’ என்றால் கருவூலம். பிற்காலப் பாரசீகத்தில் அது ‘கஞ்ச்’ ஆயிற்று. பாரசீகரின் அகாமனிசியப் பேரரசு எகிப்திலிருந்து சிந்துவரை பரந்திருந்த நாளில், அரசன் வரி தண்டிய ஊரெல்லாம் அந்தச் சொல்லும் போய்ச் சேர்ந்தது. ஆட்சி வந்தால் ஆட்சிச் சொல்லும் கூடவே வரும். நமக்கு ‘தாசில்’, ‘ஜில்லா’, ‘வசூல்’ எல்லாம் வந்து சேர்ந்ததும் அப்படித்தான்.

எபிரேய வேதாகமத்தில் இச்சொல் பாரசீக ஆட்சிக் காலத்தைப் பேசும் நூல்களிலேயே மிகுதியாகத் தென்படுகிறது. எஸ்தர் நூலில் ஆமான் பதினாயிரம் தாலந்து வெள்ளியைத் தருவதாகச் சொல்வது ‘கின்ஸே ஹமெலெக்’ என்னும் அரசனின் கருவூலத்துக்கு. எஸ்றா நூலின் முதல் அதிகாரத்தில் வரும் மித்திரேதாத் ஒரு ‘கிஸ்பார்’, அதாவது கருவூலப் பொறுப்பாளன். ‘கன்ஸபர’ என்ற பாரசீகப் பதவிப் பெயர்தான் எபிரேய நாக்கில் அப்படித் திரிந்தது. அந்தப் பேரரசின் பெர்செபொலிஸ் நகர அரண்மனை இடிபாடுகளில் கிடைத்த கல் உரல்கள், உலக்கைகள் மீது அரமேய எழுத்தில் எழுதியிருப்பதிலும் இதே பதவிப் பெயர் உண்டு.

எஸ்றா நூலில் இன்னோர் இடம் நம் கதைக்கு முக்கியமானது. எருசலேம் ஆலயத்தைத் திரும்பக் கட்டக் கோரேசு மன்னன் உத்தரவு கொடுத்தானா என்று ஒரு வழக்கு எழுகிறது. தரியு ராஜா பழைய ஆவணங்களைத் தேடச் சொல்கிறான். தேடல் தொடங்கும் இடம் பாபிலோனில் ‘கின்ஸய்யா’, அதாவது கருவூலப் பொருள்கள், வைத்திருந்த ஏட்டறை. சுருள் கடைசியில் மேதியாவின் அக்மேதா நகரில் அகப்படுகிறது. பொன்னும் வெள்ளியும் இருந்த கட்டடத்திலேயே அரசாணைச் சுருள்களும் இருந்தன. பழைய தமிழ் வேதாகமம் இந்த இடத்தில் ‘கஜானா’, ‘தஸ்திர அறை’ என்ற சொற்களை ஆள்கிறது. பணமும் பத்திரமும் ஒரே பூட்டுக்குள் கிடப்பதைக் கச்சேரி வழக்கில் கண்டவர்களின் மொழிபெயர்ப்பு அது.

ஆக, எஸ்றாவின் காலத்திலேயே இச்சொல்லுக்கு ஏட்டோடு உறவு விழுந்துவிட்டது. அங்கே ஏடு அரசனின் உடைமை. பூட்டு, காவல், பதவிக்காரன் எல்லாம் உண்டு. யாரும் போய் எடுத்துப் படிக்கும் இடமில்லை.

சொல் மேற்கிலும் கிழக்கிலும் நடந்தது. கிரேக்கத்தில் ‘காஸா’ என்றால் அரச செல்வம். அப்போஸ்தலர் நடபடிகளில் கந்தாகே ராணியின் பொக்கிஷத்துக்கெல்லாம் தலைவனாக ஒரு எத்தியோப்பிய மந்திரி வருகிறானே, அங்கே கிரேக்க மூலத்தில் நிற்பது இந்தச் சொல்தான். ஏழை விதவை இரண்டு காசு போட்ட காணிக்கைப்பெட்டிக்குக் கிரேக்கப் பெயர் ‘காஸோஃபிலாகியோன்’; முன்பாதி பாரசீகம், பின்பாதி கிரேக்கம்.

கிழக்கே, மதுராவில் சோடாசன் என்னும் சக மரபு ஆளுநன் (சத்ரபன்) காலத்துக் கல்வெட்டு ஒன்றில் ‘கஞ்சவரன்’ என்ற பதவியில் ஒரு பிராமணர் வருகிறார். மித்திரேதாத்தின் பதவியும் இவர் பதவியும் சொல்லளவில் ஒன்றே. வட இந்தியாவில் சந்தைக்கும் சரக்குக் கிடங்குக்கும் ‘கஞ்ச்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது: தில்லியின் தரியாகஞ்ச், லக்னோவின் ஹஸ்ரத்கஞ்ச். அரபியில் அது ‘கன்ஸ்’ ஆயிற்று. அந்த வழியில் தமிழ்ப் புத்தக அலமாரிக்குள்ளும் நுழைந்திருக்கிறது: நாகூர் ஆண்டவரின் அற்புதங்களைச் சொல்லும் குலாம் காதிறு நாவலரின் நூலுக்குப் பெயர் ‘கன்ஜுல் கறாமாத்து’. அற்புதங்களின் கருவூலம் என்று பொருள்.

ஒலி ஒத்திருப்பதால் மட்டும் உறவு கொண்டாடக் கூடாத சொற்களும் உண்டு. ‘கஜானா’ அரபு ‘கிஸானா’விலிருந்து வந்தது, அரபு அகராதிகள் அதைத் தனி வேரின்கீழ் வைக்கின்றன. டோக்கியோவின் கின்ஸா பகுதி வெள்ளி நாணயச் சாலை இருந்த இடம். அது முழுக்க ஜப்பானியச் சொல். பாலஸ்தீனத்துக் காஸா நகரம் செமித்திய வேரில் பிறந்த பெயர். பாரசீக அரசன் தன் கருவூலத்தை அங்கே வைத்தான், அதனால் அந்தப் பெயர் என்று பழைய எழுத்தாளர்கள் கதை கட்டியது கிரேக்கச் சொல்லின் ஒலியை நம்பித்தான்.

ஒதுக்கி வைக்கும் வினை

பெயர்ச்சொல்லாக வந்தது எபிரேயத்தில் வினையாகக் கிளைத்தது. ‘கனஸ்’ என்றால் எடுத்து வைத்தான், மறைத்து வைத்தான். இங்கேதான் சொல்லின் திருப்பம். பாரசீக அதிகாரிக்கு முக்கியம் பொருள். யூதச் சட்ட அறிஞர்களான ரப்பிகளுக்கு முக்கியம் செயல். எதை வைத்தோம் என்பதைவிட எதைக் கைக்கு எட்டாமல் வைத்தோம் என்பதே அவர்கள் பேச்சில் பெரிதாயிற்று.

ரப்பிகளின் விவாதத் தொகுப்பான தல்மூதில் இந்த வினை வரும் இடங்களைப் பார்த்தால் இது புரியும். எசேக்கியேல் நூல் சில இடங்களில் மோசேயின் ஐந்து நூல்களான தோராவோடு முரண்படுவதாகத் தோன்றியதால் அதை ‘மறைத்து வைத்துவிட’ இருந்தார்கள். அனனியா பென் எசேக்கியா என்ற அறிஞர் விளக்குக்கு 300 சாடி எண்ணெய் வரவழைத்துக்கொண்டு மேல்மாடியில் உட்கார்ந்தார். முரண்களுக்கெல்லாம் விளக்கம் கண்ட பிறகே இறங்கினார். நூல் தப்பியது. பிரசங்கி நூலும் தன்னையே மறுத்துப் பேசுகிறது என்பதால் இதே விளிம்புவரை போய்த் திரும்பியது. யோபு நூலின் அரமேய மொழிபெயர்ப்புக்கு அந்த யோகம் இல்லை. முதலாம் கமாலியேல் அதைக் கட்டடச் சுவரின் கல்வரிசைக்கு அடியில் வைத்து மூடச் சொன்னதாகச் செய்தி. எசேக்கியா ராஜா ஒரு மருத்துவ நூலை மறைத்து வைத்ததும், யோசியா உடன்படிக்கைப் பெட்டியை மறைத்ததும் இதே வினையால்தான் சொல்லப்படுகின்றன.

இந்தப் பட்டியலில் தகாதது, குழப்புவது, மிகப் புனிதமானது எல்லாம் கலந்திருக்கின்றன. படைப்பின் முதல் நாளில் தோன்றிய ஒளியைத் தீயோர் பயன்படுத்திவிடக் கூடாதென்று கடவுள் நீதிமான்களுக்காக எடுத்து வைத்தார் என்றொரு மரபு உண்டு. அதற்கு ‘ஓர் ஹகனூஸ்’ என்று பெயர்: மறைத்து வைத்த ஒளி. ஒளிக்கும் அதே வினை, சர்ச்சைக்குரிய நூலுக்கும் அதே வினை.

ஐரோப்பியத் திருச்சபைகளுக்கும் அரசுகளுக்கும் பழகிய வழி எரிப்பது. ரப்பிகளின் சட்டம் வேறு வழியை வகுத்தது. தல்மூதின் அடிநூலான மிஷ்னாவின் சபாத் பகுதி சொல்கிறது: வேத எழுத்துகள் தீயில் அகப்பட்டால் ஓய்வுநாளானாலும் காப்பாற்ற வேண்டும், எந்த மொழியில் எழுதப்பட்டிருந்தாலும் அவற்றுக்குக் கெனிஸா உரியது. இங்கே சொல் முழுக் கலைச்சொல்லாகிவிட்டது. நூல் பயனற்றுப் போகலாம், அழிக்கப்படக் கூடாது. கடவுளின் பெயரை அழிப்பதற்கு உபாகமத்தின் 12ஆம் அதிகாரத்திலிருந்து அவர்கள் வருவித்த தடையே இதற்கு அடிப்படை.

யூதரல்லாத அண்டை வீட்டில் அதே சொல் பழைய மதிப்போடு வாழ்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஈராக்கின் மாண்டேயர் என்னும் சிறுபான்மைச் சமயத்தாருக்கு வேத நூலின் பெயரே ‘கின்ஸா ரப்பா’, பெருங்கருவூலம். அவர்களுடைய உயர்நிலைக் குருவுக்குப் பெயர் ‘கன்ஸிப்ரா’. பெர்செபொலிஸில் அரசனின் பணத்தைக் காத்த பதவி, சதுப்பு நிலத்து ஆற்றங்கரையில் ஞானஸ்நானம் கொடுக்கும் குருவின் பட்டமாகிவிட்டது.

மண்ணுக்குள்

எடுத்து வைத்ததை என்ன செய்வது? தல்மூதின் மெகில்லா பகுதி விடை தருகிறது. தேய்ந்துபோன தோராச் சுருளைக் கற்றறிந்த ஒருவரின் சமாதிக்கு அருகே புதைக்க வேண்டும். மண்பாத்திரத்தில் இட்டுப் புதைக்க வேண்டும். மண்பாத்திரத்துக்கு ஆதாரம் எரேமியா நூலில் வரும் ஒரு நிலப் பத்திரம். பத்திரம் நெடுநாள் கெடாமல் இருக்க அவர் அதை மண்பாத்திரத்தில் வைக்கச் சொன்னார். ஆக, புதைக்கும் சட்டத்துக்குச் சான்று காட்டப்படுவது பாதுகாக்கும் வசனம். நூலுக்கு இறுதிச் சடங்கும் நடக்கிறது, அது நெடுநாள் இருக்க வேண்டும் என்ற எண்ணமும் விட்டுப் போகவில்லை.

இங்கே நம் காதுக்குப் பழக்கமான உறவுச் சொல் ஒன்று வருகிறது. தமிழ் முஸ்லிம் வீடுகளில் மரணச் செய்தியோடு வரும் ‘ஜனாஸா’ இதே வேரின் அரபு வடிவம். எபிரேய ‘க’ இருக்கும் இடத்தில் அரபியில் ‘ஜ’ நிற்பது வழக்கமான ஒலிமாற்றம். கெய்ரோ ஜெப ஆலயம் ஒன்றில் கிடைத்த ஏடுகளை வாழ்நாளெல்லாம் படித்த எஸ். டி. கொய்தைன் இந்த இரண்டு சொற்களையும் சேர்த்தே விளக்கினார். எத்தியோப்பியத் திருச்சபையின் கீயஸ் மொழியில் அடக்கச் சடங்கு நூலின் பெயர் ‘கென்ஸத்’. பிணத்தைத் துணியால் மூடுவதும், ஏட்டைக் கண்ணுக்குப் படாமல் வைப்பதும், பொன்னைப் பெட்டியில் பூட்டுவதும் மூன்று பக்கத்து ஊர்களில் ஒரே வேரிலிருந்து பேசப்பட்டன.

கிழக்கு ஐரோப்பாவின் யித்திஷ் பேச்சு வேறு பெயர் வைத்தது. கிழிந்த புனிதத் தாள்களை அங்கே ‘ஷேமெஸ்’ என்பார்கள். எபிரேயத்தில் ‘ஷேமோத்’ என்றால் பெயர்கள். கடவுளின் பெயர்கள் இருப்பதால் தாளுக்கே அந்தப் பெயர். கெனிஸா இடத்தையும் செயலையும் சொன்னது. ஷேமெஸ் அந்தத் தாளை ஏன் குப்பையில் போடக் கூடாது என்ற காரணத்தைச் சொன்னது.

ஃபுஸ்தாத் அறை

பொதுப்பெயராக இருந்த சொல்லை உலகம் அறிந்த சிறப்புப்பெயராக்கியது ஓர் அறை. பழைய கெய்ரோவில், ஃபுஸ்தாத் பகுதியில், பென் எஸ்ரா ஜெப ஆலயம். பெண்கள் அமரும் மாடத்தின் கோடியில் சுவருக்கு அப்பால் ஓர் இருட்டறை. கதவு இல்லை, சன்னல் இல்லை. சுவரில் உயரத்தில் ஒரு திறப்பு. ஏணி போட்டு ஏறி அதன் வழியாகத்தான் ஏட்டை உள்ளே போட வேண்டும். வாசலில் பாம்பு காவல் இருக்கிறது, நுழைந்தவன் வருடம் தப்பமாட்டான் என்றெல்லாம் ஊரில் பேச்சு. 19ஆம் நூற்றாண்டில் அங்கே போன யாக்கோபு சஃபீர் என்ற பயணி அந்தப் பேச்சைத் தம் நூலில் எழுதி வைத்திருக்கிறார்.

மற்ற ஊர்களில் இத்தகைய அறை ஒரு தங்கல் நிலையம்தான். கொஞ்ச நாளில் எல்லாம் இடுகாட்டுக்குப் போய்விடும். ஃபுஸ்தாத்தில் அந்த இரண்டாம் கட்டம் பெரும்பாலும் நடக்கவில்லை. போட்டது போட்டபடி கிடந்தது. எகிப்தின் வறண்ட காற்று மீதியைப் பார்த்துக்கொண்டது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு ஏடுகள் அப்படிக் குவிந்தன. பெரும்பகுதி 10 முதல் 13ஆம் நூற்றாண்டு வரையிலானவை.

1889–92இல் ஜெப ஆலயம் இடித்துக் கட்டப்பட்டபோது ஏடுகள் வெளியே வந்து பழம்பொருள் வியாபாரிகள் கைக்குப் போயின. 1896இல் ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்ற இரட்டைச் சகோதரிகள் வாங்கி வந்த ஓர் ஏட்டைக் கேம்பிரிட்ஜில் யூத அறிஞர் சாலமன் ஷெக்டர் பார்த்தார். பென் சீராவின் ஞான நூலின் எபிரேய மூலம் அது. கிரேக்கத்திலும் பிற மொழிபெயர்ப்புகளிலும் வாழ்ந்த அந்த நூலுக்கு எபிரேய வடிவம் பல நூற்றாண்டாகக் கண்ணில் படாமல் இருந்தது. அந்த ஆண்டின் இறுதியிலேயே ஷெக்டர், புனித யோவான் கல்லூரித் தலைவர் சார்லஸ் டெய்லரின் பண உதவியோடு கெய்ரோ போய், தலைமை ரப்பியின் அனுமதி வாங்கி, அறைக்குள் இறங்கினார். இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் டெய்லர்–ஷெக்டர் தொகுப்பு மட்டும் ஏறத்தாழ 1,93,000 துணுக்குகள். ஆக்ஸ்ஃபோர்டு, மான்செஸ்டர், நியூயார்க், புடாபெஸ்ட், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று மீதி சிதறிக் கிடக்கிறது.

அறைக்குள் இருந்தவை வேதச் சுருள்கள் மட்டுமில்லை. திருமண ஒப்பந்தம், கடன் சீட்டு, மருந்துக் குறிப்பு, வண்ணம் தீட்டிய எழுத்துகளோடு ஒரு சிறுவர் அரிச்சுவடி, யூத மெய்யியலாளர் மைமோனிடிஸ் தம் கைப்பட எழுதிய வரைவுத் தாள்கள். எபிரேய எழுத்தே புனிதம் என்பதால் அதில் எழுதியதெல்லாம் அங்கே போனது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி விளக்கம்தான். எகிப்தை ஆண்ட ஃபாத்திமியர்கள் அரபு எழுத்தில் எழுதிய அரசாணைகளும் அங்கே உண்டு. அரசாணையில் வரிக்கும் வரிக்கும் இடையே ஒரு கை அகலம் வெற்றிடம் விடுவார்கள்; அது அரசனின் பெருமிதம். ஆணை காலாவதியானதும் யாரோ அதை வெட்டி, அந்த வெற்றிடங்களில் எபிரேய ஜெபப் பாட்டுகளை எழுதியிருக்கிறார்கள். வரலாற்றாசிரியர் மரீனா ரஸ்டோ 2020இல் வெளியிட்ட ஆய்வு, இப்படி வெட்டுப்பட்ட தாள்களிலிருந்தே ஓர் அரசின் ஆவண முறையை மீட்டுக் காட்டுகிறது. எஸ்றா காலத்தில் அரசாணை கருவூலத்துக்குப் போனது. ஃபுஸ்தாத்தில் வேறு வாசல் வழியாக மறுபடி அதே சொல்லுக்குள் போய் விழுந்தது.

இந்தக் குவியலில் நம் கடற்கரையின் பெயர்களும் இருக்கின்றன. மைமோனிடிசின் தம்பி தாவீது வியாபாரி. செங்கடல் துறைமுகமான ஐதாபிலிருந்து அவர் அண்ணனுக்கு எழுதிய கடிதம் அகப்பட்டது. பாலைவனம் கடந்து வந்த பாட்டைச் சொல்லி, அந்த ஊரில் வாங்கத் தக்க சரக்கு ஒன்றுமில்லாததால் இந்தியாவுக்குக் கப்பலேறப் போவதாக எழுதுகிறார். இந்தியக் கடலில் அவர் மூழ்கிப் போனார். அண்ணன் துக்கத்தில் ஓராண்டு படுக்கையில் கிடந்தார்.

துனிசியாவின் மஹ்தியாவில் பிறந்த ஆபிரகாம் பென் யிஜு 1132 முதல் 1149 வரை மங்களூர்ப் பக்கம் வாழ்ந்தார். வெண்கலப் பட்டறை நடத்தினார். ஏடன் துறைமுகத்திலிருந்து உடைந்த பாத்திரங்களும் செம்பும் வரும், புதுப் பாத்திரமாகத் திரும்பிப் போகும். ஆஷு என்ற இந்தியப் பெண்ணை 1132இல் அவர் அடிமைத்தனத்திலிருந்து விடுவித்த பத்திரமும் அந்த அறையில் கிடைத்தது. ஏடன் நண்பர்கள் அவருக்கு மிளகு, பாக்குக்குப் பதிலாகச் சர்க்கரை, உலர்ந்த திராட்சை அனுப்பினார்கள், கூடவே காகிதமும். ஓலையில் எழுதும் நாட்டில் நல்ல காகிதம் அரிது. அதனால் வந்த கடிதத்தின் பின்புறத்திலும் ஓரத்திலும் கணக்கு, கவிதை, பதில் வரைவு என்று ஓர் அங்குலம் விடாமல் எழுதினார். ஊர் திரும்பும்போது தாள்களையும் கொண்டு போனதால்தான் அவை இன்று இருக்கின்றன. கொய்தைன் தொடங்கிய ‘இந்திய நூல்’ ஆய்வும், அமிதவ் கோஷ் 1992இல் எழுதிய ‘இன் ஆன் ஆன்டிக் லாண்ட்’ நூலும் இந்தத் தாள்களை நம்பி நிற்பவை.

பெயர் பெருத்தது

ஷெக்டருக்குப் பின் ‘கெனிஸா’ என்றாலே கெய்ரோ என்றாயிற்று. பிறகு பழைய யூத ஏடு எங்கே அகப்பட்டாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1947இல் சாக்கடல் குகைச் சுருள்கள் வெளிப்பட்டபோது தொல்லியலாளர் எலெயாசர் சூகெனிக் அந்தக் குகையை ஒரு கெனிஸா என்றே கருதினார்; 1948இல் அவர் வெளியிட்ட முதல் அறிக்கையின் தலைப்பு ‘மெகில்லோத் கெனூஸோத்’, மறைத்து வைத்த சுருள்கள். அறிஞர்கள் பலர் அதை ஏற்கவில்லை. ஆனால் உண்மையான இணைப்பு ஒன்று இருந்தது. கெய்ரோ அறையில் கிடைத்து ஷெக்டர் 1910இல் பதிப்பித்த ஒரு விசித்திரமான குழுச் சட்டநூல், தமாஸ்கு ஆவணம் என்று இப்போது பெயர், அந்தக் குகைகளில் அதைவிட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பழைய படிகளாக மறுபடி அகப்பட்டது.

‘இத்தாலிய கெனிஸா’ என்பது இன்னும் தூரம். மோதெனா, பொலோன்யா போன்ற ஊர்களின் காப்பகங்களில் 16, 17ஆம் நூற்றாண்டுக் கணக்குப் பேரேடுகளின் மேலட்டையைப் பிரித்தால் எபிரேயத் தோல் ஏடு வருகிறது. 1553இல் ரோமில் தல்மூதை எரித்த காலத்தையொட்டி, பறிமுதலான சுருள்களையும் நூல்களையும் பைண்டர்கள் மலிவாக வாங்கி அட்டைக்கு வெட்டினார்கள். ‘ஆப்கான் கெனிஸா’ என்பது வியாபாரிகள் வழியாக வந்த ஏடுகளின் தொகுதி. இஸ்ரேல் தேசிய நூலகம் 2013இலும் 2016இலும் வாங்கியது.

இவற்றில் யாரும் எதையும் ‘கனஸ்’ செய்யவில்லை. பைண்டரின் கத்தியும் வியாபாரியின் மூட்டையும் செய்த வேலைக்குப் பக்தியின் பெயர் போய்விட்டது. விளம்பரத்துக்குப் பெயர் நன்றாக இருக்கலாம், சொல் இளைத்துவிடுகிறது.

போலந்திலும் லிதுவேனியாவிலும் நடந்ததைப் பார்த்தால் எல்லைக்கோடு தெளிவாகும். நாஜிகள் யூதரை அடைத்து வைத்த வார்சா கெட்டோவில் இம்மானுவேல் ரிங்கல்ப்ளூமின் குழு டயரி, அறிவிப்பு, ரேஷன் சீட்டு எல்லாவற்றையும் திரட்டி, தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் அடைத்து நிலத்தடியில் வைத்தது. 1946இலும் 1950இலும் இரு பகுதிகள் தோண்டி எடுக்கப்பட்டன. அதுவும் புதைத்ததுதான், ஆனால் யாரேனும் தோண்டிப் படிக்க வேண்டும் என்பதற்காகவே புதைத்தது. வில்னாவில் சோவியத் ஆட்சி யூத ஏடுகளை ஒழிக்கச் சொன்னபோது, அன்டானஸ் உல்பிஸ் என்ற லிதுவேனிய நூலகர் தம் பொறுப்பில் இருந்த பழைய தேவாலயக் கட்டடத்தில் அவற்றை மற்றக் குவியல்களுக்கு நடுவே மறைத்து வைத்தார். 1980களின் இறுதியில்தான் அவை வெளியே வந்தன. மூடும் செயல் ஒன்றே, நோக்கம் நேர் எதிர்.

நூற்பட்டியலாளர்களும் இந்தச் சொல்லின் நிழலில் வந்து போகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்தின் எபிரேய அச்சு நூல்களுக்குப் பெரும் பட்டியல் செய்த மோரிட்ஸ் ஸ்டைன்ஷ்னைடர், யூத மரபின் மிச்சத்துக்கு நல்லடக்கம் செய்வதே தம் வேலை என்று கருதியதாக அவர் மாணவர் ஒருவர் எழுதி வைத்தார். எருசலேமில் நூலகராக வேலையைத் தொடங்கிய கெர்ஷோம் ஷோலெம் அந்த மனப்பான்மையைக் கடுமையாகச் சாடினார். பட்டியலிடுவது அடக்கமா, எழுப்புதலா என்று இரண்டு தலைமுறை சண்டை போட்டது. அடக்கம் என்று சொன்னவரின் பட்டியல்தான் பின்னால் வந்தவர்களுக்கு வாசலாயிற்று.

முடிவாக

கருவூலத்திலும் கல்லறையிலும் செயல் ஒன்றே: கைக்கு எட்டாமல் வைத்தல். தொடக் கூடாத அளவு விலைமதிப்பானதும், தொட்டுப் பயன்படுத்த முடியாத அளவு தேய்ந்ததும் ஒரே வினைக்குள் அடங்கின. பாரசீக அதிகாரியும் ரப்பியும் செய்தது இதைத்தான். நூலகம் செய்வது இதற்கு மாறானது. அது கைக்கு எட்டும்படி வைக்கிறது. 1896க்குப் பின் கெய்ரோ ஏடுகளுக்குப் பெயர் மாறாமல் இயல்பு மட்டும் மாறியது. யாரும் படிக்கக் கூடாதென்று போட்டவற்றை இன்று ஏடுகளை இணையத்தில் இட்ட ஃப்ரீட்பெர்க் போன்ற திட்டங்களின் வழியாகக் கணினித் திரையில் எவரும் படிக்கலாம். ஒரே தாளின் கிழிந்த பாதிகள் இரண்டு கண்டங்களில் இருந்தாலும் அவற்றைப் பொருத்திப் பார்க்கக் கணினி உதவுகிறது.

இதை வைத்துக் கெனிஸாவைக் காப்பு முறையாகப் புகழ்வது சரியில்லை. சட்டப்படி முறையாக நடந்த கெனிஸாக்கள் பெரும்பாலும் மண்ணில் மக்கிப் போயின. ஃபுஸ்தாத்து ஏடுகள் பிழைத்தது அந்த ஊரார் சடங்கைப் பாதியில் விட்டதால், மழை அவ்வளவாகப் பெய்யாததால். சட்டம் தந்தது ஒன்றே ஒன்று: எழுதிய தாளை எரிக்கவோ எறியவோ தயங்கும் கை. அந்தத் தயக்கம் இல்லாதிருந்தால் மக்கவும் ஒன்றும் இருந்திருக்காது.

தமிழில் இதைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரு சொல். ‘கெய்ரோவின் யூத நூலகம்’, ‘யூத ஆவணக் காப்பகம்’ என்று எழுதுவது பிழை. அந்த அறையில் பட்டியலும் இல்லை, வாசகரும் இல்லை, திரும்ப எடுக்கும் எண்ணமும் இல்லை. தமிழ்ச் சொல் வேண்டுமென்றால் ‘ஏட்டடக்கம்’ பொருந்தும். அடக்கம் என்பதற்கு உள்ளே கொள்ளுதல், புதைத்தல் என்ற இரண்டு பொருளும் நம் பேச்சில் ஏற்கெனவே உண்டு. அது நாக்கில் வராதவர்கள் ‘கெனிஸா’ என்றே எழுதிவிட்டுப் போகலாம். நூலகம் என்று மட்டும் எழுத வேண்டாம்.